எங்க குத்துதுன்னு தெரியாம ஹெட்ஃபோன் வாங்காதீங்க

"எனக்கு ட்ரெபிள் ஒத்துக்காதுங்க, எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்"னு யாராவது கேட்டா, கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்து விழும் (ட்ரெபிள்னா பாட்டுல வர்ற மேல் ஸ்தாயி சத்தம், பாஸ்னா கீழ் ஸ்தாயி). வார்மா, அதாவது ட்ரெபிள் அடங்கி இருக்கறதா பாத்து வாங்குங்க, பிரைட்டா, அதாவது ட்ரெபிள் தூக்கலா இருக்கறது பக்கமே போகாதீங்க, பாஸ் தூக்கலா இருந்தா நல்லது. நல்லெண்ணத்துல சொல்றதுதான், பாதி உண்மையும் இருக்கு. ஆனா இந்த பதில் எனக்கு ரொம்ப நாளா செரிக்கவே இல்ல. ஏன்னா ஊர் உலகமே "இதமா இருக்கும்"னு சத்தியம் பண்ண ஒரு ஹெட்ஃபோன் என் காதைப் பதம் பாத்துச்சு, "ஐயோ அது பிரைட்டாச்சே"ன்னு எல்லாரும் பயமுறுத்தின இன்னொண்ணை மாட்டிக்கிட்டு ஒரு மதியம் பூரா எந்தத் தொந்தரவும் இல்லாம பாட்டு கேட்டிருக்கேன். ரெண்டுமே என்னோட காதுதான், பாட்டும் அதே பாட்டுதான், அப்புறம் எப்படி இப்படி தலைகீழா நடக்கும்?

முதல்ல இந்தத் தொந்தரவு என்னன்னு அனுபவிக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். சவுண்டு அதிகமா இருக்கறது இல்ல இது. மெதுவாத்தான் பாட்டு ஓடிக்கிட்டிருக்கும், பாடறவங்க குரல் நல்லாத்தான் இருக்கும், திடீர்னு ஒரு "ஸ்" வரும், இல்லன்னா ஒரு "ஷ", அந்த ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டுட்டுத் தனியா எந்திரிச்சு வந்து காதுல சுருக்குனு ஏறும். பல்லு கூசும். தாடை தானா இறுகும். ட்ரம்ஸ்ல ஹை-ஹாட்ங்கற ஜோடி சிம்பல் தட்டற பாட்டா இருந்தா அந்தச் சுருக்கு தாளத்துக்குத் தாளம் வரும், அரை மணி நேரத்துல தலைக்குள்ள ஒரு சோர்வு உக்காந்துக்கும், கை தானா வால்யூமைக் குறைச்சிருக்கும், குறைச்சதே நமக்குத் தெரியாது. அதே ஹெட்ஃபோனைப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்தா "சூப்பரா கிளியரா இருக்கே, உனக்கு என்ன பிரச்சனை"ம்பாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்க காதுல அது நிஜமாவே சூப்பரா இருக்கு. இங்கதான் முழு விஷயமும் அடங்கியிருக்கு, ஆனா இதைப் புரிஞ்சிக்க எனக்குக் கொஞ்சம் காலம் பிடிச்சிச்சு.

எல்லாத்தையும் ட்ரெபிள்னு ஒரே மூட்டையா கட்டறது

ட்ரெபிள் ஒத்துக்காதுன்னு சொல்ற நாலு பேரைப் பிடிச்சு உக்கார வெச்சு விசாரிச்சா நாலு பேரும் வேற வேற இடத்தைச் சொல்லுவாங்க. ஒருத்தருக்கு 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல பிரச்சனை (கிலோஹெர்ட்ஸ்ங்கறது ஸ்ருதியோட உசரத்தைச் சொல்ற நம்பர்), பெண் குரல் உச்சத்துக்குப் போறப்போ, வயலின் அழுத்தி இழுக்கறப்போ, மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தறாப்ல இருக்குங்கறாரு. இது ட்ரெபிளே கிடையாது, அப்பர் மிட்ஸ், அதாவது நடு ஸ்தாயியோட மேல் பகுதி. நம்ம காதுக் குழாய் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் செவிப்பறையால மூடி இருக்கறதால அது 3 கிலோஹெர்ட்ஸ் சுத்தி இயற்கையாவே சத்தத்தைத் தூக்கிக் குடுக்கும். வெளிய இருந்து வர்ற எல்லாச் சத்தத்துக்கும் இந்தத் தூக்கல் உண்டு, மூளைக்கும் அது பழக்கம், அதனால ஹெட்ஃபோன் டிசைன் பண்றவங்க அந்தத் தூக்கலைக் கணக்குல வெச்சுத்தான் ட்யூன் பண்ணுவாங்க. ஆனா எவ்வளவு தூக்கணும்ங்கறது சராசரிக் காதை வெச்சுப் போட்ட கணக்கு. உங்க காது சராசரிக்கு ஒட்டாததா இருந்தா அது கத்தும், இல்லன்னா மங்கும்.

இன்னொருத்தருக்கு 5-ல இருந்து 9 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பட்டைதான் எமன். நான் இந்த ஜாதி. "ஸ்", "ஷ" எல்லாம் இங்கதான் குடியிருக்கு, ஆண் குரல்ல கொஞ்சம் கீழ, பெண் குரல்ல கொஞ்சம் மேல. அதனாலதான் ஒரு ஹெட்ஃபோன்ல ஒரு பாடகர் மட்டும் குத்துவாரு, இன்னொரு பாடகர் குத்த மாட்டாரு, நாம பாட்டைக் குறை சொல்லிட்டுப் போயிடுவோம். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கறது "ஏர்"னு சொல்ற சமாச்சாரம், சிம்பலோட மினுமினுப்பு, ரூமோட காத்தோட்டம். அங்க எரிச்சல்படறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்க சொல்றது குத்தல் இல்ல, ஒரு விதமான சலசலப்பு. இப்ப பாருங்க, 3 கிலோஹெர்ட்ஸ்காரர்கிட்ட "வார்மா வாங்கு"ன்னு சொல்லி, அவரும் 8 கிலோஹெர்ட்ஸ் அடங்கின ஒரு ஹெட்ஃபோனை வாங்கினா அவருக்கு என்ன பிரயோஜனம்? மேல இருந்த வெளிச்சம் போயிடும், கத்தல் அப்படியே இருக்கும். காசும் போச்சு, நிம்மதியும் இல்ல.

இதுக்கு நல்ல உதாரணம் சென்ஹைசர் எச்டி 800. 2009-ல வந்தது, அப்போ அந்தக் கம்பெனியோட உச்ச மாடல், அதுல 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு கூர்மையான மேடு இருக்குன்னு, எந்த ஸ்ருதி எவ்வளவு தூக்கலா வருதுன்னு அளந்து கிராஃப் போட்டவங்க எல்லாரும் காட்டினாங்க. கேக்கறவங்க சிலர் அந்த ஒரு மேட்டுக்காகவே அதை விட்டு ஓடினாங்க, வேற சிலர் அதை உள்ள பஞ்சு வெச்சு மாத்திப் பாத்தாங்க. 2016-ல எச்டி 800 எஸ் வந்தப்போ கம்பெனி பண்ணது ட்ரெபிள் மொத்தத்தையும் கீழ இறக்கறதை இல்ல. அந்த மேட்டை மட்டும் உறிஞ்சற ஒரு ரெசொனேட்டரை வெச்சாங்க. அதாவது அவங்களே சொல்லாம சொல்லிட்டாங்க, குத்தறது ட்ரெபிள்ங்கற பெரிய ஏரியா இல்ல, அதுக்குள்ள இருக்கற ஒரு சின்ன இடம்னு.

கிராஃப் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

அப்ப கிராஃப் பாத்தே மேடு எங்கன்னு கண்டுபிடிச்சுடலாமேன்னு தோணும். நானும் கிராஃபை மேஞ்சு மேஞ்சு பாத்தவன்தான், ராத்திரி தூக்கம் வராதப்போ ரெண்டு வளைவை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாக்கறதுல ஒரு தனி சுகம் இருக்கு, அதை மறுக்க மாட்டேன். 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அது ஓரளவு உண்மையைச் சொல்லும். அதுக்கு மேல போகப் போக சத்தத்தோட அலை நீளம் சின்னதாயிடும். 8 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு அலை நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான், அப்ப உங்க காது மடலோட ஒவ்வொரு மடிப்பும், பேடு கன்னத்துல எங்க உக்காருதுங்கறதும் கணக்குல வந்துடும். அளக்கற பொம்மைக் காது உங்க காது இல்ல. காதுக்குள்ள போடற ஐஈஎம்னா இன்னும் மோசம், பழைய 711 கப்ளர்ங்கற செயற்கைக் காதுக் குழாய்ல அளந்த கிராஃப் எதை எடுத்துப் பாத்தாலும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு நிக்கும். அதுல பெரும்பங்கு ஐஈஎம்மோடது இல்ல, அடைச்ச குழாய்க்குள்ள வர்ற ரெசொனன்ஸ், அதாவது குழாயே ஒரு ஸ்ருதியை மட்டும் தூக்கிக் குடுக்கறது. எவ்வளவு ஆழமா சொருகறோமோ அதுக்கேத்த மாதிரி அது இடம் மாறும். கிராஃப்ல 8-ல இருக்கற மேடு உங்க காதுல 6.5-ல இருக்கலாம், 9.5-ல இருக்கலாம். அதைப் பாத்து பயந்து ஒரு நல்ல ஐஈஎம்மை ஒதுக்கறதும் தப்பு, அது இல்லாத கிராஃபை நம்பி வாங்கறதும் தப்பு.

அந்தச் சைன் வேவ்

எனக்கு இதெல்லாம் ஒண்ணா கூடி வந்தது ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பை சும்மா நோண்டிக்கிட்டிருந்தப்போதான். மாட்டியிருந்தது என் காதைப் பதம் பாத்த அந்த வார்ம் ஹெட்ஃபோன்தான். பாட்டு எதுவும் இல்ல, சைன் வேவ்னு சொல்ற வெறும் ஒத்தை ஸ்ருதி, விரலால நகத்தினா மேல ஏறும், கீழ இறங்கும். 1 கிலோஹெர்ட்ஸ்ல வெச்சு வால்யூமை ரொம்ப சின்னதா, காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கற அளவுக்கு வெச்சுக்கிட்டேன் (இது முக்கியம், சைன் வேவ் பாட்டு மாதிரி இல்ல, மொத்த சக்தியும் ஒரே புள்ளில இறங்கும், மேல போறப்போ திடீர்னு மேடு வந்தா காதுக்கு நல்லதில்ல). அங்க இருந்து மெதுவா மேல. 2 தாண்டி 3-ல கொஞ்சம் முன்னாடி வந்துச்சு, அது எதிர்பார்த்ததுதான், மனுஷக் காதே அந்த இடத்துலதான் ரொம்ப கூர்மை. 4, 5, எல்லாம் அமைதியா போச்சு. 6 தாண்டினதும் ஏதோ ஒரு மாதிரி நெருங்கி வர்றது தெரிஞ்சுது. 7-க்கும் 7.5-க்கும் நடுவுல வந்தப்போ அதுவரைக்கும் முன்னாடி எங்கயோ இருந்த சத்தம் சட்டுனு இடது காதுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு, நான் வால்யூமைத் தொடவே இல்ல, ஆனா ரெண்டு மடங்கு ஏத்தின மாதிரி. அதே பல்லுக் கூச்சம், அதே தாடை. இன்னும் ஒரு மயிரிழை மேல நகத்தினா, காணோம். 8 தாண்டினா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, 10-ல திரும்ப மெதுவா தலை காட்டுச்சு.

கொஞ்ச நேரம் அந்த 7-க்கும் 8-க்கும் நடுவுலயே விரலை முன்னயும் பின்னயும் நகத்திக்கிட்டு இருந்தேன். இத்தனை நாளா "ட்ரெபிள்"னு நான் திட்டிக்கிட்டிருந்தது கால் கிலோஹெர்ட்ஸ் அகலம் கூட இல்லாத ஒரு இடம். ஹெட்ஃபோனைக் காதுல ஒரு விரக்கடை முன்னால தள்ளினா அந்த மேடு நகர்ந்துச்சு, கொஞ்சம் அடங்கவும் செஞ்சுது. வலது காதுல மேடு வேற இடத்துல, இன்னும் மேல, கொஞ்சம் சின்னதா. ரெண்டு காதும் ஒரே அச்சுல வார்த்தது இல்லையே, இருக்கத்தானே செய்யும். அப்புறம் அந்த "பிரைட்டான" ஹெட்ஃபோனை எடுத்து அதே வேலையைப் பண்ணேன். 5-ல இருந்து 10 வரைக்கும் எல்லாமே கொஞ்சம் தூக்கல்தான், கிராஃப் சொன்னது சரிதான், ஆனா எங்கயும் மேடு இல்ல, சரிவா ஏறி சரிவா இறங்குச்சு. கேக்கறப்போ பாட்டு கொஞ்சம் மெலிஞ்சு இருந்தாலும் எதுவும் குத்தல. வார்ம்னு பேர் வாங்கினதுல மொத்த ட்ரெபிளும் தாழ்வு, நடுவுல மட்டும் ஒத்தை மேடு, சுத்தி எல்லாம் தாழ்வா இருக்கறதால அந்த மேடு இன்னும் தனியா தெரியுது. ரிவியூ எழுதறவங்க மொத்தத்தையும் சராசரி போட்டு வார்ம்னு எழுதறாங்க. காதுக்கு சராசரி போடத் தெரியாது.

நீங்களும் பண்ணிப் பாக்கறதா இருந்தா ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. காதோட கூர்மை எல்லா ஸ்ருதிக்கும் ஒரே மாதிரி இல்ல, 3, 4 கிலோஹெர்ட்ஸ்ல அதிகம், 8, 9-ல இயற்கையாவே கொஞ்சம் மந்தம், இதை 1933-லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வளைவு போட்டு வெச்சுட்டாங்க. அதனால மெதுவா ஏறி மெதுவா இறங்கறதை எல்லாம் கோளாறுன்னு நினைக்க வேண்டாம். தேடவேண்டியது திடீர்னு எகிறி திடீர்னு அடங்கற இடம். அது எந்த நம்பர்ல வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டா போதும், அடுத்து ஹெட்ஃபோன் வாங்கப் போறப்போ உலகத்துல இருக்கற எல்லா ரிவியூவை விடவும் அந்தப் பேப்பர் உதவும்.

குறைக்கறதுன்னா எதைக் குறைக்கறது

ட்ரெபிள் குமிழைத் திருப்பிக் குறைச்சா போதாதான்னு கேப்பீங்க. குறைச்சுப் பாருங்க, பாடறவங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு பாடற மாதிரி ஆயிடும், அப்பவும் அந்த மேடு மத்ததை விட உசரமாத்தான் நிக்கும், ஏன்னா எல்லாமே சேர்ந்துதான் இறங்கியிருக்கு. பாராமெட்ரிக் ஈக்யூ (ஈக்வலைசர்) வேணும். எந்த ஃப்ரீக்வென்சி, எவ்வளவு டெசிபல், எவ்வளவு அகலம், இந்த மூணையும் நாமளே குடுக்கற மாதிரி இருக்கணும். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ இலவசமா கிடைக்குது, மேல பீஸ்னு ஒரு முகப்பு போட்டுக்கிட்டா இன்னும் சுலபம். என் கணக்கு 7.3 கிலோஹெர்ட்ஸ்ல மைனஸ் 5 டெசிபல், அகலத்தைக் குறிக்கற க்யூ 4, அவ்வளவுதான், வேற எதையும் தொடல. அதைப் போட்டுட்டு அதே பாட்டைக் கேட்டப்போ "ஸ்" எங்கயும் காணாமப் போகல, வார்த்தைக்குள்ளயே இருந்துச்சு, எந்திரிச்சு வரல. ஆன் பண்ணி ஆஃப் பண்ணி மாத்தி மாத்திக் கேட்டா வித்தியாசம் சின்னதுதான், வேற யாராவது கேட்டா கண்டுபிடிக்கக்கூட மாட்டாங்க. தாடை மட்டும் கண்டுபிடிச்சுது.

ஆட்டோஈக்யூ மாதிரி ரெடிமேட் செட்டிங் நிறைய மாடலுக்குக் கிடைக்குது, ஆரம்பிக்கறதுக்கு நல்லதுதான், ஆனா அது பொம்மைக் காதுல அளந்ததை வெச்சுப் போட்டது, ட்ரெபிள்ல அதை அப்படியே நம்பினா இல்லாத மேட்டைக் குறைச்சு இருக்கற மேட்டை விட்டுடும். பாஸுக்கும் மிட்ஸுக்கும் அதை எடுத்துக்கங்க, 6-க்கு மேல உங்க பேப்பர்தான். சில ப்ளூடூத் ஹெட்ஃபோனோட வர்ற ஆப்ல அஞ்சு பட்டை குடுத்திருப்பாங்க, ஒண்ணு 6.3 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும், அடுத்தது நேரா 16-ல. உங்க மேடு 8-ல இருந்தா நடுத்தெருவுல நிக்க வேண்டியதுதான். அந்த மாதிரி ஹெட்ஃபோனை ஈக்யூ பண்ணிக்கலாம்னு நம்பி வாங்காதீங்க, பெட்டில இருந்து எடுத்த உடனே எப்படி இருக்கோ அப்படியே ஒத்துக்குதான்னு பாருங்க.

பாஸ் தூக்கலா வாங்குங்கறதுல உள்ள பாதி உண்மை

முதல்ல சொன்னேன் இல்லையா, அந்த பதில்ல பாதி உண்மை இருக்குன்னு. அது இங்க இருக்கு. ட்ரெபிள் குத்துதுன்னு நாம வால்யூமைக் குறைக்கறோம். வால்யூம் குறைஞ்சா காது எல்லாத்தையும் ஒரே அளவுல இழக்காது, முதல்ல பாஸ்தான் கழண்டுக்கும், அதே ஃப்ளெட்சர் மன்சன் வளைவுதான். பாஸ் போனா மிச்சம் இருக்கறது மிட்ஸும் ட்ரெபிளும், பாட்டு சோகையா, கூர்மையா தெரியும். உடனே சத்தம் பத்தலையேன்னு ஏத்துவோம், குத்தும், குறைப்போம். இந்தச் சுத்துல மாட்டினவங்கதான் நம்மள்ல பாதிப் பேர். சின்ன வால்யூம்ல கேக்கறவங்களுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ நாலஞ்சு டெசிபல் தூக்கி வெச்சா ட்ரெபிளைத் தொடாமலே பாட்டு சமநிலைக்கு வந்துடும். ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனில ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் 2012-ல இருந்து வரிசையா நடத்தின ஆய்வுகள்ல கேக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க பாஸ் கொஞ்சம் தூக்கினதைத்தான் தேர்ந்தெடுத்தாங்க, எல்லாரும் இல்ல, குறைவா கேட்டவங்களும் இருந்தாங்க. ஒரு எச்சரிக்கை, ஈக்யூல பாஸைத் தூக்கினா அதே அளவுக்கு ப்ரீஆம்ப்பை (ஈக்யூல இருக்கற மொத்த சிக்னல் அளவை) குறைச்சுடணும், இல்லன்னா சிக்னல் உச்சில முட்டி க்ளிப் ஆகும், க்ளிப் ஆனா பாட்டுல இல்லாத ஹார்மோனிக்ஸ், அதாவது கூடுதல் ஸ்ருதிகள் மேல முளைக்கும், எதுல இருந்து தப்பிக்கப் பாத்தோமோ அதுலயே போய் விழுவோம்.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம், கண்ணாடி. வெளிப்பக்கம் மூடியிருக்கற க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோன்ல பேடு காதைச் சுத்தி முழுசா அடைச்சாத்தான் பாஸ் நிக்கும். கண்ணாடிக் காம்பு அந்த அடைப்புல ஒரு சந்து போட்டுடும், அதுவும் காம்பு தடிமனா இருந்தா சொல்லவே வேண்டாம். பாஸ் அந்தச் சந்து வழியா ஒழுகிப் போயிடும், ட்ரெபிள் குத்துதுன்னு நாம ஹெட்ஃபோனைத் திட்டுவோம். ஒரு தடவை கண்ணாடியைக் கழட்டிட்டு அதே பாட்டைக் கேட்டுப் பாருங்க, புது ஹெட்ஃபோன் செலவே மிச்சமாகலாம். பேடு பழசாகி அமுங்கிப் போனாலும் இதே கதைதான், ட்ரைவர் (சத்தத்தை உண்டாக்கற பாகம்) காதுக்கு இன்னும் கிட்ட வந்துடும், ட்யூனிங்கே மாறிடும். அடைப்பு சரியில்லாத முகவாகு உள்ளவங்களுக்கு வெளிப்பக்கம் திறந்திருக்கற ஓப்பன் பேக் நல்லது, அதோட பாஸ் அடைப்பை அவ்வளவா நம்பி இல்ல.

சரி, எதை வாங்கறது

பேர் சொல்லாம தப்பிக்க முடியாது, ஆனா இந்தப் பேர்களை உங்க நம்பரோட வெச்சுப் பாத்துக்கங்க. 6-ல இருந்து 9-க்குள்ள குத்தறவங்களுக்கு சென்ஹைசர் எச்டி 600 (1997), எச்டி 650 (2003) ரெண்டும் இன்னைக்கும் முதல் பந்தில உக்காரக்கூடியவை, அந்தப் பகுதில ரொம்ப சாது. ஆனா எச்டி 600 ஒரு 3 கிலோஹெர்ட்ஸ்காரருக்கு குரலைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக் காட்டும், அவருக்கு 650 மேல், இல்லன்னா அப்பர் மிட்ஸைப் பின்னுக்கு வெக்கற ஆடிஸி எல்சிடி வரிசை பக்கம் பாக்கலாம், கழுத்து அந்த எடையைத் தாங்கணும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நல்லாவே தூக்கலானது, அது ஊரறிஞ்ச விஷயம், பிடிச்சவங்களுக்கு அதனாலதான் பிடிக்குது. ஸ்டூடியோ மானிட்டர்னு பேர் போட்டிருந்தா நடுநிலையா இருக்கும்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட இருக்கு. ரெக்கார்டிங்ல உக்காந்திருக்கறவருக்கு ஒரு சின்ன க்ளிக், ஒரு ஹிஸ் கூட தப்பிடக்கூடாது, குரல்ல "ஸ்" அதிகமா இருந்தா டீ-எஸ்ஸர் போட்டு அடக்கணும், அதுக்கு முதல்ல அது பளிச்சுனு கேக்கணும். அந்த வேலைக்குப் பண்ணின கருவியை மாட்டிக்கிட்டு நாம ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இதமா பாட்டு கேக்கணும்னா எப்படி?

ஐஈஎம் போடறவங்களுக்கு வேலை இன்னும் சுலபம், செலவும் கம்மி. காதுக்குள்ள போற டிப்பை மாத்துங்க. ஃபோம் டிப் மேல் ட்ரெபிளைக் கொஞ்சம் உறிஞ்சும், துவாரம் குறுகலான சிலிக்கான் டிப்பும் மேல கொஞ்சம் அடக்கும், அகலத் துவாரம் திறந்து விடும். ஒரு சைஸ் சின்ன டிப்பைப் போட்டு இன்னும் ஆழமா சொருகினா அந்த ரெசொனன்ஸ் மேடு மேல நகரும், "ஸ்" குடியிருக்கற பட்டையைத் தாண்டிப் போயிட்டா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. கேபிள் மாத்தினா ட்ரெபிள் மிருதுவாகும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (ஒரு வகை குட்டி ட்ரைவர்) போட்ட ஐஈஎம்ல அவுட்புட் இம்பீடன்ஸ் (மின் தடை) அதிகமான ப்ளேயர் ட்யூனிங்கை மாத்தும், அது உண்மை. நூறு மணி நேரம் ஓட விட்டா குத்தல் அடங்கும்னு சொல்றதுல பெரும்பாலும் அடங்கறது நம்ம மூளைதான், அதுவும் எல்லாருக்கும் அடங்காது.

கடைல போட்டுப் பாத்து வாங்கறதைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அஞ்சு நிமிஷக் கேக்கல்ல எப்பவுமே பிரைட்டானதுதான் ஜெயிக்கும், "அட, இது வரைக்கும் கேக்காததெல்லாம் கேக்குதே"ன்னு தோணும், சோர்வு வீட்டுக்கு வந்து அரை மணி கழிச்சுத்தான் தெரியும். சுத்தி இரைச்சல் வேற, அதைத் தாண்டிக் கேக்க வால்யூமை ஏத்தியிருப்போம். அதனால திருப்பிக் குடுக்கற வசதி இருக்கற இடத்துல வாங்கறதுதான் நம்மள மாதிரி ஆளுக்கு பெரிய சலுகை. போட்டுப் பாத்துத்தான் ஆகணும்னா பாட்டை விட பிங்க் நாய்ஸ்ங்கற சோதனை இரைச்சல் உருப்படியானது. நல்ல ஹெட்ஃபோன்ல அது ஒரே சீரா, எந்த ஸ்ருதியும் இல்லாம கொட்டற இரைச்சலா இருக்கும். அதுக்கு மேல தனியா ஒரு "ஸ்ஸ்ஸ்" மிதந்தா அங்க மேடு இருக்கு. கூட்டம் கைதட்டற ரெக்கார்டிங்கும் இதே வேலையைச் செய்யும், உள்ளங்கை தட்டற சத்தமா இல்லாம எண்ணெய்ல எதையோ போட்ட சத்தமா கேட்டா அதை வெச்சுட்டு வந்துடுங்க. எந்த ஹெட்ஃபோன்ல கேட்டாலும் ஒரு பாட்டு மட்டும் குத்துதுன்னா அது ரெக்கார்டிங் கோளாறு, அதுக்காக ஹெட்ஃபோன் மாத்த வேண்டாம்.

பாத்திரம் உருள்ற சத்தம், காகிதம் கசக்கற சத்தம் எல்லாம் கூட திடீர்னு தாங்க முடியாம ஆயிடுச்சு, காதுல இரைச்சல் வேற இருக்குன்னா அது ஹெட்ஃபோன் சமாச்சாரமே இல்ல, காது கேக்கற திறனைப் பரிசோதிக்கற ஆடியாலஜிஸ்ட்கிட்ட போகணும். கேக்கற திறன் குறைய ஆரம்பிக்கறவங்களுக்கே சில சத்தம் முன்னை விட வேகமா பெருசாகித் தெரியறது உண்டு. மெல்லிசா இருந்தா கேக்காது, கொஞ்சம் ஏத்தினா வலிக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற பாதுகாப்பான அளவு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாகும்.

கூட வேலை பாக்கற நண்பன் ஒருத்தன் இதெல்லாம் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிடா, ட்ரெபிளைக் குறைச்சா டீடெயில் போயிடுமே"ன்னான். எல்லாரும் கேக்கற கேள்விதான். மேடு டீடெயில் இல்ல, பக்கத்துல இருக்கற டீடெயிலை மறைக்கறதே அதுதான். 7.3-ஐ இறக்கினதுக்கு அப்புறம்தான் பாடறதுக்கு முன்னாடி இழுக்கற மூச்சும், கம்பில விரல் வழுக்கற சத்தமும் எனக்கு சாதாரணமா கேக்க ஆரம்பிச்சுது, ஏன்னா வால்யூமைப் பயப்படாம ஒரு படி ஏத்தி வெக்க முடிஞ்சுது. அவன் நம்பல. அவனுக்கும் ஒரு ஹெட்ஃபோன் ஒத்துக்காம மூலைல கிடந்துச்சு, எடுத்துட்டு வரச் சொல்லி சைன் வேவ் போட்டுக் காட்டினேன், அவன் முகம் சுளிச்சது 3 கிலோஹெர்ட்ஸ் தாண்டின உடனே. 7-ல சும்மா உக்காந்திருந்தான். நான் அதை வாங்கி மாட்டினேன், 3-ல எனக்கு ஒண்ணும் தோணல, மேல எங்கயும் மேடே இல்ல. இப்ப அது என்கிட்ட இருக்கு, ஈக்யூ எதுவும் போடாம கேக்கறேன். என்னோட அந்த "வார்ம்" ஹெட்ஃபோன் அவன்கிட்ட. அவன் அதை வால்யூம் ஏத்தி வெச்சுக்கிட்டு தலையாட்டிக்கிட்டே வேலை பாக்கறான், தாண்டிப் போறப்போ வெளிய கசியற அந்த "ஸ்" கேட்டாலே எனக்குப் பல்லு கூசுது.